செபஸ்தியார் அம்பு பட்டா இறந்தார்? வேதசாட்சிகளின் வரலாறு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவில் திருநாள் கொடியேற்றத்துக்கு அடிக்கும் நோட்டீசின் பின்பக்கத்தில் பாதுகாவலரான புனிதரின் ‘வரலாற்றுச் சுருக்கம்’ என்று பத்துப் பன்னிரண்டு வரிகள் இருக்கும். வருடா வருடம் அதே வரிகள்தான். அவற்றைப் படித்துவிட்டு மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளும் சில சமயம் அவர்களுடைய பெற்றோரும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் முதல் சில நூற்றாண்டுகளின் வேதசாட்சிகள், அதாவது விசுவாசத்துக்காக உயிர்கொடுத்தவர்கள் பற்றியவை. இடைக்காலத்தவர்கள் சிலரும் வருகிறார்கள்.

ரோமர்கள் முந்நூறு வருடமும் கிறிஸ்தவர்களைத் தேடித் தேடிக் கொன்றார்களா?

இல்லை. 112-ஐ ஒட்டி, இன்றைய துருக்கியின் வடக்கே இருந்த பித்தினியாவின் ஆளுநர் பிளினி, “இந்த ஆட்களை என்ன செய்வது?” என்று கேட்டுப் பேரரசர் திராயானுக்குக் கடிதம் எழுதினார். அதற்கு வந்த பதிலும் கிடைத்திருக்கிறது. அவர்களைத் தேடிப் போகவேண்டாம். முறைப்படி குற்றம் சாட்டப்பட்டு உறுதியானால் தண்டிக்கலாம். ‘நான் கிறிஸ்தவன் இல்லை’ என்று நம் தெய்வங்களை வணங்கினால் விட்டுவிடலாம். மொட்டைக் கடிதங்களை ஏற்கக் கூடாது. இதுதான் அதன் சாரம். அதன்பின் நூறு வருடத்துக்கும் மேலாக நடந்தவை உள்ளூர்த் தகராறுகள். ஓர் ஊரில் பகை மூண்டு பத்துப் பேர் பிடிபடுவார்கள். பக்கத்து மாகாணத்தில் ஒன்றுமே இருக்காது.

பேரரசு முழுவதும் பாய்ந்த முதல் ஆணை 250-ஐ ஒட்டித் தேசியுஸ் பேரரசர் போட்டது. எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு, பலியிட்டதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும். எகிப்தில் பாப்பிரஸ் தாளில் எழுதப்பட்ட அந்தச் சான்றிதழ்கள் நாற்பதுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. பெயர், தகப்பனார் பெயர், ஊர், வயது, அங்க அடையாளம் என்று அப்படியே நம் தாலுகா ஆபீஸ் விண்ணப்பம் மாதிரி இருக்கும். ஒன்றில் 72 வயதுக்காரர் ஒருவருக்கு ‘வலது புருவத்தில் தழும்பு’ என்று குறித்திருக்கிறார்கள். பிறகு 257–258-ல் வலேரியான் காலத்தில் ஓர் அலை. கடைசி அலைதான் எல்லாவற்றிலும் கொடியது. தியோக்கிளேசியன் காலத்தில், 303 பிப்ரவரி 23 அன்று நிக்கொமேதியாவின் கோவிலை இடித்து அதைத் தொடங்கினார்கள். 311-ல் கலேரியுஸ் அதை நிறுத்தும் ஆணையைப் பிறப்பித்தார். நம் ஊர்களில் பெயர்பெற்ற பழைய வேதசாட்சிகளில் பலரை இந்தக் கடைசி அலையில்தான் மரபு வைக்கிறது.

விசாரணையில் அவர்கள் பேசியதை எல்லாம் யார் எழுதி வைத்தது?

இந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ரோம நீதிமன்றத்தில் கேள்வியும் பதிலும் எழுத்தர்களால் பதியப்பட்டன. அந்தப் பதிவின் வாசனை அப்படியே வீசும் ஆவணம் ஒன்று இருக்கிறது. 180 ஜூலை 17 அன்று கார்த்தேஜில் சில்லி என்ற ஊரைச் சேர்ந்த 12 பேரை விசாரித்த பதிவு அது. இரண்டு பக்கம்கூட வராது. “உங்கள் பெட்டியில் என்ன இருக்கிறது?” என்று ஆளுநர் சத்துர்னீனுஸ் கேட்கிறார். “புத்தகங்களும், பவுல் என்ற நேர்மையான மனிதரின் கடிதங்களும்” என்கிறார் ஸ்பெராத்துஸ். யோசிக்க 30 நாள் அவகாசம் தருகிறேன் என்கிறார் ஆளுநர். இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்று பதில் வருகிறது. தீர்ப்பு வாசிக்கப்படுகிறது. வாளால் வெட்டிக் கொல்கிறார்கள். இடியும் இல்லை, மின்னலும் இல்லை; ஆளுநர் மனம் மாறவும் இல்லை.

இன்னொரு வகை, சபைகள் ஒன்றுக்கொன்று எழுதிக்கொண்ட கடிதங்கள். சிமிர்னாவின் ஆயர் பொலிகார்ப்பு 155-ஐ ஒட்டி எரிக்கப்பட்டதை அவருடைய சபையே பிலோமேலியம் சபைக்கு எழுதி அனுப்பியது. சிமிர்னா என்பது இன்றைய துருக்கியின் இஸ்மீர். கிறிஸ்துவைப் பழித்துச் சொன்னால் விட்டுவிடுகிறோம் என்றபோது அந்தக் கிழவர், 86 ஆண்டுகள் அவருக்கு ஊழியம் செய்தேன், அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை, அவரை நான் எப்படிப் பழிப்பேன் என்று கேட்டதாகக் கடிதம் சொல்கிறது. எலும்புகளைப் பொறுக்கி வைத்ததும், வருடந்தோறும் அந்த நாளில் கூடப்போவதாகச் சொல்வதும் அதில் இருக்கின்றன. புனிதர் திருநாள் கொண்டாடும் வழக்கத்துக்கு நம்மிடம் உள்ள மிகப் பழைய சான்றுகளில் இது ஒன்று.

மூன்றாவது வகைதான் நமக்கு அதிகம் பழக்கமானது. சம்பவம் நடந்து நூறு, இருநூறு வருடம் கழித்து, கல்லறைக்கு வரும் பக்தர்களுக்கு வாசித்துக்காட்ட எழுதிய வரலாறு. அற்புதங்களும் நீண்ட வசனங்களும் இங்கேதான் குவிகின்றன. பொலிகார்ப்பின் கதையிலேயே இந்த வளர்ச்சியைப் பார்க்கலாம். சில கையெழுத்துப் பிரதிகளில் அவர் காயத்திலிருந்து ஒரு புறா பறக்கிறது; அதே கடிதத்தை எடுத்துக்காட்டும் பழைய திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியுசின் நூலில் புறாவைக் காணோம்.

பெர்பெத்துவா சிறையில் தானே எழுதினார் என்கிறார்களே, நம்பலாமா?

பெரும்பாலான ஆய்வாளர்கள் நம்புகிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான்.

விபியா பெர்பெத்துவா கார்த்தேஜைச் சேர்ந்தவர். அந்த இடம் இன்று துனிசியாவில் இருக்கிறது. வயது 22 அளவில், நல்ல குடும்பம், கையில் பால்குடி மாறாத ஆண்குழந்தை. இன்னும் ஞானஸ்நானம் பெறாமல் உபதேசம் கற்றுக்கொண்டிருந்தபோது சிலரோடு சேர்த்துப் பிடித்தார்கள். காவலில் இருக்கும்போதுதான் ஞானஸ்நானம் பெற்றார். 203 மார்ச் 7 அன்று, இளவரசர் கேத்தாவின் பிறந்தநாள் விளையாட்டுகளில், அரங்கத்தில் கொல்லப்பட்டார். இடையில் இருந்த நாட்களைப் பற்றி அவர் எழுதிய குறிப்புகளுக்கு முன்னும் பின்னும் வேறொருவர் முகவுரையும் முடிவுரையும் சேர்த்திருக்கிறார். நமக்கு லத்தீனிலும் கிரேக்கத்திலும் கிடைத்திருப்பது அந்தத் தொகுப்பு.

ஏன் நம்பத் தோன்றுகிறது என்றால், புனிதர் வரலாறு எழுத உட்காரும் ஒருவர் கற்பனை செய்யாத விஷயங்களைப் பெர்பெத்துவா சொல்கிறார். சிறைக்குள் நுழைந்ததும் பயந்துபோனேன், அப்படி ஓர் இருட்டை நான் பார்த்ததே இல்லை என்கிறார். புழுக்கம், கூட்ட நெரிசல், காசு பறிக்கும் சிப்பாய்கள். தெர்த்தியுஸ், பொம்போனியுஸ் என்ற இரு திருத்தொண்டர்கள் லஞ்சம் கொடுத்து, சில மணி நேரமாவது சிறையின் நல்ல பகுதியில் இருக்க ஏற்பாடு செய்கிறார்கள். அங்கே, பசியில் துவண்டிருந்த பிள்ளைக்குப் பால் கொடுக்கிறார். குழந்தையைத் தன்னோடு வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்ததும் சிறையே அரண்மனையாகிவிட்டது என்று எழுதுகிறார். தண்டனை தீர்ப்பான பிறகு தகப்பனார் குழந்தையைத் தர மறுத்துவிடுகிறார். அன்றிலிருந்து பிள்ளை பால் கேட்கவில்லை, எனக்கும் பால் கட்டி வலிக்கவில்லை என்று ஒரே வரி. பால் கட்டுவது பற்றி எந்தத் துறவி கற்பனையாக எழுதியிருப்பார்?

அந்தத் தகப்பனார்தான் இந்தக் குறிப்பில் என்னை விடாதவர். அவர் கிறிஸ்தவர் அல்ல. முதல் முறை வந்தபோது, அங்கே கிடந்த குடத்தைக் காட்டி, “இதை வேறு பெயர் சொல்லி அழைக்க முடியுமா?” என்று மகள் கேட்கிறாள். முடியாது என்கிறார். “அப்படியானால் நானும் கிறிஸ்தவள் என்பதைத் தவிர வேறொன்றாக என்னைச் சொல்ல முடியாது.” கோபத்தில் பாய்ந்தவர் அடுத்த முறை காலில் விழுகிறார். என் நரைத்த தலையைப் பார், உன் பிள்ளையைப் பார் என்று கெஞ்சுகிறார். விசாரணை மேடையில் மகளை இழுக்க வந்தபோது, ஹிலாரியானுஸ் என்ற அதிகாரியின் உத்தரவில் அவரைப் பிரம்பால் அடிக்கிறார்கள். என்னையே அடித்தது போல் வலித்தது என்று எழுதுகிறார் மகள். தன் குடும்பத்திலேயே அவர் ஒருவர்தான் தன் சாவைக் கண்டு மகிழமாட்டார் என்றும் சொல்கிறார். தகப்பனாரை வில்லனாக்கும் எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை.

கனவுகளும் வருகின்றன. இருபுறமும் வாளும் ஈட்டியும் தொங்கும் வெண்கல ஏணி. அடியில் படுத்திருக்கும் நாகம். மேலே பால் கறக்கும் மேய்ப்பர் ஊட்டிய ஒரு வாய்ப் பாற்கட்டி. விழித்தபோது வாயில் இன்னும் இனிப்பு இருந்தது என்கிறார். ஏழு வயதில் முகத்தில் புண் வந்து இறந்துபோன தம்பி தினோக்கிராத்தே ஒரு கனவில் எட்டாத தொட்டியின் அருகே தாகத்தோடு நிற்கிறான். அக்காள் வேண்டிக்கொண்ட பிறகு இன்னொரு கனவில் தண்ணீர் குடித்துவிட்டு விளையாடப் போகிறான். இந்தத் தம்பியை வைத்து, ஞானஸ்நானம் இல்லாமல் இறந்தவர்களும் கரையேறலாம் என்று சிலர் வாதாடியபோது, இது வேதாகமத்தில் சேர்ந்த நூல் அல்ல என்று ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீனார் நினைவூட்ட வேண்டியிருந்தது. அந்த அளவுக்கு ஆப்பிரிக்க சபைகளில் இதன் செல்வாக்கு இருந்தது.

குறிப்பு அரங்கத்துக்கு முந்தின நாளோடு நிற்கிறது. அதில் என்ன நடக்கும் என்பதை எழுத விரும்புகிறவர் எழுதிக்கொள்ளட்டும் என்கிறார். மீதியைத் தொகுத்தவர் சொல்கிறார். வெறிபிடித்த பசு ஒன்று பெர்பெத்துவாவைத் தூக்கி எறிகிறது; எழுந்து கிழிந்த ஆடையைச் சரிசெய்து, கலைந்த கூந்தலை முடிகிறார். கடைசியில் வெட்ட வந்தவன் அனுபவமில்லாத பையன். முதல் வெட்டு எலும்பில் பட்டு அவர் அலறுகிறார். பிறகு நடுங்கும் அந்தக் கையைப் பிடித்துத் தன் கழுத்தில் தானே வைக்கிறார்.

அவரோடு சேர்த்துச் சொல்லும் பெலிசிட்டி யார்?

அடிமைப் பெண், எட்டு மாதக் கர்ப்பிணி. கர்ப்பிணிகளைக் கொல்வது சட்டப்படி கூடாது என்பதால், மற்றவர்களோடு சாக முடியாமல் போய்விடுமோ என்பதே அவருடைய கவலை. விளையாட்டுகளுக்கு முன்பே வலி கண்டது. இந்த வலிக்கே கத்துகிறாயே, மிருகங்களுக்கு முன்னால் என்ன செய்வாய் என்று காவலாளி கேலி செய்தான். இப்போது படுவதை நான் படுகிறேன். அங்கே எனக்காகப் பட எனக்குள் வேறொருவர் இருப்பார் என்றார். பிறந்தது பெண்குழந்தை. சகோதரி ஒருத்தி அதை எடுத்து வளர்த்தாள்.

எஜமானியும் அடிமையும் என்று பலர் எழுதுகிறார்கள். பெலிசிட்டி பெர்பெத்துவாவின் வீட்டு அடிமை என்று மூலத்தில் எங்கும் இல்லை.

பெர்பெத்துவாவின் கணவர் எங்கே போனார்?

மணமானவர் என்று மட்டும் இருக்கிறது. கணவரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இறந்துவிட்டார், கைவிட்டுவிட்டார், கூடவே கைதானார் என்றெல்லாம் சொல்வது ஊகம்.

செபஸ்தியார் அம்பு பட்டுத்தானே இறந்தார்?

அவருடைய பழைய வரலாற்றின்படியே இல்லை! தியோக்கிளேசியனின் காவல்படை அதிகாரியான அவரைக் கம்பத்தில் கட்டி அம்பெய்தார்கள். செத்துவிட்டார் என்று விட்டுப்போனார்கள். அடக்கம் செய்ய வந்த ஐரின் என்ற விதவை, உயிர் இருப்பதைக் கண்டு வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பக்குவம் பார்த்தார். குணமானதும் ஓடி ஒளியாமல் பேரரசர் முன்னாலேயே போய் நின்றார். இந்த முறை தடியால் அடித்துக் கொன்று உடலைச் சாக்கடையில் போட்டார்கள். லூசினா என்ற பெண் எடுத்து அடக்கம் செய்தார். நம் சுரூபங்களில் காண்பது அவர் பிழைத்த கட்டம்.

இந்த வரலாறு 5-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. அதற்கு முந்திய சான்றுகள் சின்னவை, ஆனால் உறுதியானவை. 354-ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்றில் உள்ள ரோம வேதசாட்சிகள் பட்டியல், ஜனவரி 20-ல் அவரை ஆப்பியா சாலையருகே உள்ள கல்லறையில் நினைவுகூர்வதைக் குறிக்கிறது. அவர் மிலானிலிருந்து வந்தவர் என்று அந்த நகரின் 4-ஆம் நூற்றாண்டு ஆயர் அம்புரோசியார் சொல்கிறார். ஆக ஆள் இருந்தார், வேதசாட்சியாக இறந்தார், கல்லறை இருந்தது. ஐரினும் அம்பும் பிறகு வந்த எழுத்தில்தான் உள்ளன.

கொள்ளைநோய்க்கும் அவருக்குமான தொடர்பு 680-ல் பாவியா நகரத்தில் தொடங்குகிறது. அவருக்கு அங்கே பீடம் வைத்ததும் நோய் நின்றது என்று இடைக்கால வரலாற்றாசிரியர் பவுலுஸ் தியாக்கோனுஸ் எழுதினார். அம்பைப் போலக் கண்ணுக்குத் தெரியாமல் வந்து தைக்கும் நோய் என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. ரோமில் 7-ஆம் நூற்றாண்டுச் சில்லுச் சித்திரம் ஒன்றில் அவர் தாடி வைத்த முதியவர். அரையாடையில் நிற்கும் அழகிய இளைஞராக அவரை மாற்றியது மறுமலர்ச்சிக் கால ஓவியர்கள்.

இரும்புக் கட்டிலில் வேகும்போது லாரன்ஸ் “இந்தப் பக்கம் வெந்துவிட்டது, திருப்பிப் போடு” என்றாரா?

மறக்க முடியாத வசனம்தான். ஆனால் 258-ல் வலேரியான் போட்ட ஆணை, ஆயர்களையும் குருக்களையும் திருத்தொண்டர்களையும் உடனடியாகக் கொல்லச் சொன்னது. அந்த ஆகஸ்ட் 6 அன்று போப்பாண்டவர் இரண்டாம் சிக்ஸ்துஸ் திருத்தொண்டர்கள் நால்வரோடு கொல்லப்பட்டதை, கார்த்தேஜின் ஆயர் சிப்ரியானின் அந்தக் காலக் கடிதமே சொல்கிறது. நான்கு நாள் கழித்து, ஆகஸ்ட் 10-ல் ரோமின் திருத்தொண்டர் லாரன்ஸ். மெதுவாக வாட்டுவதற்கு அந்த ஆணையில் இடமில்லை; வாள்தான் பொருந்துகிறது. இரும்புக் கட்டில் கதையை அம்புரோசியார் சொல்வது நூறு வருடத்துக்கும் மேல் கழித்து.

கோவில் சொத்தைக் கொண்டுவா என்றபோது ஏழைகளை அழைத்துவந்து நிறுத்தினார் என்பதும் அதே பிற்கால மரபில்தான் இருக்கிறது. நடந்ததா என்று கேட்டால் கையை விரிக்க வேண்டியதுதான். ரோமச் சபை அப்போதே பெருந்தொகையான ஏழைகளுக்கும் விதவைகளுக்கும் சோறு போட்டுக்கொண்டிருந்தது என்பதற்கு மட்டும் வேறு சான்று உண்டு.

ஜார்ஜ் கொன்ற பறவைநாகம்?

பழைய வரலாறுகளில் அது கிடையாது. 11-ஆம் நூற்றாண்டை ஒட்டிச் சேர்ந்தது; 1260-களில் ஜாகோபுஸ் தெ வொராஜினே என்ற தொமினிக்கன் துறவி தொகுத்த புனிதர் கதைகள் வழியாக ஐரோப்பா எங்கும் பரவியது.

1969-ல் கிறிஸ்தோப்பரைப் புனிதர் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்களாமே?

பட்டியலிலிருந்து இல்லை, உலகம் முழுவதுக்குமான திருநாள் நாட்காட்டியிலிருந்து. வருடத்தில் நாட்கள் 365-தான்; திருநாட்கள் குவிந்து ஞாயிறுகளையும் தவக்காலத்தையும் மறைத்தன. அதனால் வரலாற்றுச் சான்று குறைவானவர்களை உள்ளூர் நாட்காட்டிக்கு விட்டார்கள். கிறிஸ்தோப்பர், பார்பரா, அலெக்சாந்திரியாவின் கத்தரின், எஸ்தாக்கியார் எல்லோரும் அப்படி நகர்ந்தவர்கள். கத்தரின் 2002-ல் விருப்ப நினைவாக, அதாவது கட்டாயமில்லாத திருநாளாகத் திரும்பி வந்தார். கிறிஸ்தோப்பர் பெயரில் கோவில் இருந்தால் தாராளமாகத் தேர் இழுக்கலாம்.

என் பெயர் பிலோமினா. என் புனிதை இருந்தாரா இல்லையா?

1802-ல் ரோமின் பிரிசில்லா நிலத்தடிக் கல்லறையில் ஓர் இளம்பெண்ணின் எலும்புகள் கிடைத்தன. மூடியிருந்த மூன்று ஓடுகளில் எழுத்துகள் வரிசை மாறி இருந்தன. மாற்றி வைத்தால் ‘சமாதானம் உன்னோடு, பிலுமேனா’ என்று வாசிக்கலாம். 1805-ல் அந்த எலும்புகள் முஞ்ஞானோ என்ற ஊருக்குப் போயின. நமக்குத் தெரிந்த வாழ்க்கை வரலாறு, அதாவது கிரேக்க இளவரசி, தியோக்கிளேசியனை மணக்க மறுத்தவள் என்பதெல்லாம், 1833-ல் நேப்பிள்ஸில் ஒரு கன்னியர் தமக்குத் தனிப்பட வெளிப்பட்டதாகச் சொன்னது. ஓடுகள் வரிசை மாறியதே, வேறு கல்லறையிலிருந்து எடுத்து மறுபடி பயன்படுத்தியதால் என்று அகழ்வாராய்ச்சியாளர் மருக்கி வாதிட்டார். 1961-ல் நாட்காட்டிகளிலிருந்து திருநாள் எடுக்கப்பட்டது. தனிப்பட்ட பக்தியை யாரும் தடுக்கவில்லை. பிரான்சின் ஆர்ஸ் கிராமத்துப் பங்குக்குரு வியான்னி அடிகளாருக்கு அவர்மேல் இருந்த பாசம் ஊரறிந்தது. உங்கள் பெயரை மாற்ற வேண்டாம்.

புத்தர் கதை புனிதர் கதையாக நுழைந்தது என்பது நிஜமா?

நிஜம். நோயும் முதுமையும் சாவும் கண்ணில் படாமல் வளர்க்கப்பட்ட இந்திய இளவரசன், அவற்றைக் கண்டதும் துறவியைத் தேடிப் போகிறான். அரபியிலும் ஜார்ஜிய மொழியிலும் கிரேக்கத்திலும் லத்தீனிலும் பயணம் செய்த இந்தக் கதையில் அவன் பெயர் யோசபாத், குருவின் பெயர் பர்லாம். நவம்பர் 27 அன்று, ரோம வேதசாட்சிகள் நூல் என்ற புனிதர் பட்டியலில் இருவருக்கும் இடம் கிடைத்திருந்தது. எழுதியவர்கள் ஏமாற்றவில்லை. நல்ல கதை கை மாறி வந்தது, யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை.

இதையெல்லாம் கிளறியது சபையின் எதிரிகள்தானே?

பெரும்பகுதியைச் செய்தது இயேசு சபைக் குருக்கள். அந்தச் சபையின் ரோஸ்வெய்டே, புனிதர் வரலாறுகளின் மூல ஆவணங்களைத் தொகுக்கப் போட்ட திட்டத்தை எடுத்து, யோவான் போலாந்து 1643-ல் ஆண்ட்வெர்ப்பில் ஜனவரிப் புனிதர்களின் இரண்டு பெரும் தொகுதிகளை வெளியிட்டார். அந்தக் குழு போலாந்தியர் என்ற பெயரில் பிரஸ்ஸல்ஸில் இன்றும் வேலை செய்கிறது. அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் உண்டு. கார்மேல் சபையை எலியா இறைவாக்கினர் தொடங்கவில்லை என்று அந்தக் குழுவின் பாப்பெபுரோக் எழுதியதால் எழுந்த சண்டையில், 1695-ல் ஸ்பெயினின் விசாரணை மன்றம் 14 தொகுதிகளைத் தடை செய்தது. தடை நீங்க 1715 ஆனது. அந்த இருபது வருடத்தில் அவர்கள் வேலையை நிறுத்தவில்லை என்பது எனக்குப் பிடித்த செய்தி.

பேரரசே கிறிஸ்தவமான பிறகு யார் கையில் வேதசாட்சிகள் இறந்தார்கள்?

சில சமயம் கிறிஸ்தவர்கள் கையிலேயே. 1170 டிசம்பர் 29 அன்று கேன்டர்பரி பேராயர் தாமஸ் பெக்கெட்டை அவருடைய பேராலயத்துக்குள் வெட்டிக் கொன்ற நான்கு வீரர்களும் ஞானஸ்நானம் பெற்றவர்கள். சபையின் உரிமை பற்றி மன்னர் இரண்டாம் ஹென்றியோடு நடந்த சண்டையின் முடிவு அது. தடுக்கப் போய்க் கையில் வெட்டு வாங்கிய எட்வர்ட் கிரிம் என்ற குருவே பின்னர் நடந்ததை எழுதினார். 1173-ல் புனிதர் பட்டம் கிடைத்தது.

அந்தப் பட்டத்தைத் தருவதும் அதற்குள் மாறியிருந்தது. முதலில் ஊர் மக்கள் கல்லறையில் கூடினாலே போதும், ஆயர் ஒப்புக்கொள்வார். போப்பாண்டவர் முறைப்படி அறிவித்த முதல் புனிதராக ஆக்ஸ்பர்க் ஆயர் உல்ரிக்கைச் சொல்வார்கள், ஆண்டு 993. பிறகுதான் விசாரணை, சாட்சி, ஆவணம் என்று அது வழக்காக மாறியது.

அந்தோனியார் வேதசாட்சியா?

இல்லை. ஆக வேண்டும் என்று கிளம்பியவர். லிஸ்பனில் பிறந்து கொயிம்பிராவில் துறவியாக இருந்தபோது, 1220-ல் மொரோக்கோவில் கொல்லப்பட்ட ஐந்து பிரான்சிஸ்கன் சகோதரர்களின் உடல்கள் அங்கே வந்தன. அதைப் பார்த்துத்தான் சபை மாறி மொரோக்கோவுக்குக் கப்பல் ஏறினார். அங்கே நோய் வந்து திரும்பியபோது கப்பல் காற்றில் அடிபட்டு சிசிலியில் ஒதுங்கியது. அதனால்தான் இத்தாலிக்கு ஒரு போதகர் கிடைத்தார். 1231 ஜூன் 13-ல் இறந்தார். ஒரு வருடம் நிறைவதற்குள், 1232 மே 30-ல் புனிதரானார். கச்சத்தீவில் இரு கரையின் தமிழ் மீனவர்களும் கூடுவது இவருடைய கோவிலில்தான்.

இந்த வரலாறுகள் தமிழுக்கு எப்போது வந்தன?

அச்சில் 1586-லேயே! முத்துக்குளித்துறையில் அரை நூற்றாண்டுக்கும் மேல் வாழ்ந்த போர்த்துக்கீசிய இயேசு சபைக் குரு அன்றிக்கு அடிகளார் புனிதர் வரலாறுகளைத் தமிழில் எழுதி அச்சிட்டார். இன்று ‘அடியார் வரலாறு’ என்று சொல்லும் நூல் அது. மேடைக்கும் வந்தன. மான் கொம்புகளுக்கிடையே சிலுவையைக் கண்டு மனம் மாறி, மனைவி மக்களைப் பிரிந்து அலைந்த ரோமத் தளபதி எஸ்தாக்கியாரின் கதை ஈழத்துக் கத்தோலிக்க ஊர்களில் நாட்டுக்கூத்தானது. வரலாற்றுச் சான்று என்று பார்த்தால் எஸ்தாக்கியார் மெலிந்தவர்தான். ஆனால் பிரிந்த குடும்பம் சேரும் கட்டம் விடிய விடியக் கூத்துக்கு எவ்வளவு பொருந்தும் என்று சொல்லத் தேவையில்லை.

எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

திருத்தூதர் பணி 6, 7 அதிகாரங்களில் ஸ்தேவானின் வரலாறு. பிறகு சில்லி ஊராரின் விசாரணை. பத்து நிமிடம் போதும். அடுத்து பொலிகார்ப்பு கடிதம், பெர்பெத்துவாவின் குறிப்பு. இந்த நான்கையும் முடித்துவிட்டு செபஸ்தியார், கத்தரின், ஜார்ஜ் பக்கம் வாருங்கள். ஆளுநர் எவ்வளவு நேரம் பேசுகிறார், வேதசாட்சி எவ்வளவு நேரம் பேசுகிறார் என்று மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். பக்கக்கணக்கில் பிரசங்கம் ஓடினால் அது எழுத்தர் பதிந்ததில்லை.